மெடல் வாங்கியவர் பிடுங்கிய வேலி

எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மெடல் இருக்கிறது. வட்டமாக, கோடு போட்ட ரிப்பனோடு, விளிம்பில் என் வீட்டுக்காரரின் நம்பரும் பெயரும் பொறித்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் அதைத்தான் பார்ப்பார்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அவர் யாரையும் சுடவில்லை. பட்டாளத்தில் அவர் எஞ்சினியர் பிரிவு. போர் வந்தபோது வடக்கே மலைமேல், எல்லையில், கல் சுமந்து பங்கர் கட்டினார்கள். கட்டி முடித்த பங்கருக்குள் அவர்களே காவலும் இருந்தார்கள். அதற்குக் கொடுத்த மெடல் அது. இதைச் சொன்னால் கேட்டவர்கள் முகம் கொஞ்சம் வாடிப்போகும். "ஓ, கட்டட வேலைங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அவருக்கு இரண்டாவது தடவை காபி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

அந்த மெடலில் எனக்கு எப்போதும் பெருமைதான். அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனிமேல் அவரைக் கொஞ்சம் ஏசப் போகிறேன்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மாடுகளுக்குக் கொரங்காடு வைத்திருக்கிறோம். புல்லுக்கென்றே உழாமல் விட்டு வைத்த மேய்ச்சல் காட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவை ஒரு முள்செடி. அதன் கிளைகளைப் போத்துகளாக வெட்டி, மழைக்கு முன்னால் நெருக்கி நட்டு வைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். மூன்று நாலு வருஷத்தில் கோழி கூட நுழைய முடியாத வேலியாகிவிடும்.

எங்கள் காட்டுக்குக் கிழக்கே கொழுந்தனாரின் காடு. கூடப் பிறந்தவர் இல்லை, என் மாமனாருடைய தம்பியின் மகன். அப்பாக்கள் காலத்தில் ஒரே காடாக இருந்ததை வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துக்கொண்டார்கள். பட்டா இன்றைக்கும் கூட்டுப் பட்டாதான். சர்வேயர் வந்தாலும் சுற்றெல்லையைத்தான் அளந்து சொல்வார். நடுவில் எதுவரை யாருக்கு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஓடிய கிளுவை வேலிதான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பத்திரம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வேலி பாதி செத்துக் கிடந்தது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவர். செத்த இடத்தில் கொழுந்தனார் வீட்டில் புதுப் போத்து நடுவார்கள். நடும்போது ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி நடுவார்கள். அடுத்த வருஷம் இன்னொரு முழம். கேட்டால், செடி எங்கே பிடிக்கிறதோ அங்கேதானே நட முடியும் என்று சிரிப்பார்கள். நான் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. மண்ணைக் கிளறிப் பழைய வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் என் கையால் நட்டேன். அவர்கள் நட்டதைப் பிடுங்கி அவர்கள் பக்கமே போட்டேன். முழு நீளத்தையும் மூடுவதற்குப் பல மழைக்காலம் பிடித்தது. கையெல்லாம் முள் கிழித்த தழும்பு. மருதாணி வைத்தால்கூட அந்தக் கோடுகள் தனியாகத் தெரியும்.

அந்த வருஷங்களில்தான் போரும் வந்தது. ஊருக்கு ஒரே எஸ்.டி.டி. பூத். அவர் எப்போதாவது மலையை விட்டுக் கீழே இறங்கும்போது கூப்பிடுவார். பூத்துக்காரர் ஆள் அனுப்புவார், நான் ஓடுவேன். பூத்துக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, புருஷனும் பெண்டாட்டியும் என்னத்தைப் பேசுவது? அங்கே என்ன வேலை என்று நான் கேட்பேன். கல் அடுக்குகிறோம் என்பார். நீ என்ன செய்கிறாய் என்பார். முள் நடுகிறேன் என்பேன். அதோடு அவருக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிடும். அவர் உயிரோடு திரும்பி வருவாரா என்று எனக்குள் இருந்த பயத்தை அந்த ரிசீவரில் ஒரு நாளும் சொன்னதில்லை. பயம் அதிகமாக இருந்த நாட்களில் அதிகமாக நட்டேன், அவ்வளவுதான்.

அவர் பத்திரமாக வந்தார். மெடலும் வந்தது. பட்டாளத்தை விட்ட பிறகு கோயமுத்தூரில் ஒரு மில்லில் செக்யூரிட்டி ஆபீசராகப் பல வருஷம் இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. அதையும் முடித்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன்புதான் ஊரோடு வந்து சேர்ந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். வந்த புதிதில் மாட்டுக்கொட்டகையின் கல்தூண்களுக்குக்கூட வெள்ளையடித்தார்.

அந்த வருஷம் எங்கள் மகளுக்குக் கோயமுத்தூர் கணபதியில் பிரசவம். நான் போய் ஒரு மாசத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன். பக்கத்து லேத் பட்டறைச் சத்தத்தில் குழந்தை தூங்கப் பழகியதும் ஊருக்குக் கிளம்பினேன். ஆவணி மாசம், நல்ல வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே ஏதோ தப்பாகப் பட்டது. வழக்கமாகக் கிளுவை மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் வெறும் வெளிச்சம். கொழுந்தனாரின் கட்டுத்தரையும் அங்கே கட்டியிருக்கிற எருமையும் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தன.

என் வீட்டுக்காரர் காட்டுக்குள் நுழைகிற கடவுக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கான்கிரீட் போஸ்ட்டுகளும் ஐந்து வரிசை முள்கம்பியும் ஒரு கோணல் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தன. கணபதியில் தெரிந்த பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு கேட் வேறு.

"நூல் புடிச்ச மாதிரி இருக்குதல்ல, அம்மணி?" என்றார்.

கிளுவை எங்கே என்று கேட்டேன். ஜேசிபி வைத்து ஒரே நாளில் எடுத்துவிட்டதாகச் சொன்னார். பையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து போய்ப் போஸ்ட் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். பழைய வேலி இருந்த இடத்தில் நிற்கவில்லை. இரண்டு எட்டு உள்ளே, எங்கள் பக்கம் தள்ளி நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, ஜேசிபி கிளறிய மண் பொலபொலவென்று கிடப்பதாகவும், அதில் போஸ்ட் நிற்காது என்றும், அஸ்திவாரம் எப்போதும் கெட்டி மண்ணில்தான் போட வேண்டும் என்றும் பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். மலைமேல் அப்படித்தான் செய்வார்களாம். வெளியே விட்டதும் நம் நிலம்தானே, எங்கே போய்விடும் என்றார்.

வெளியே விட்டதில் எங்கள் பெரிய வெள்வேல மரமும் இருந்தது. உச்சி வெயிலில் மாடுகள் எல்லாம் நிற்பது அதன் அடியில்தான். கோடையில் புல் தீய்ந்துபோனால் அதன் காய்தான் தீவனம். எல்லையில் சுவர் கட்டி மெடல் வாங்கிய மனிதர், சொந்தக் காட்டு எல்லையைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு எட்டு பின்வாங்கி வேலி போட்டிருந்தார். அன்று ராத்திரி சோற்றை மட்டும் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெள்வேலத்தின் அடியில் கொழுந்தனாரின் ஆடுகள் கட்டியிருந்தன. நான் போய்க் கேட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "நானுங்களா வேலி போட்டேன்? அண்ணன் போட்டதுங்க. நாட்டு எல்லையவே காத்தவருக்கு நம்ம காட்டு எல்லை தெரியாதுங்களா?"

எங்கள் மெடலையே எடுத்து எங்களை அடிக்கிறார்.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கருப்பராயன் கோயில் முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் வேப்பமரத்துப் பக்கம். எல்லையில் வருஷக்கணக்காக முள் நட்டவள் நான். கேள்விகள் எல்லாம் அவருக்கும் கொழுந்தனாருக்கும் போயின. நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரு கண்ணு, ஆம்பளைகள் பேசி முடிக்கட்டும் என்று ஒரு பெரியவர் கையமர்த்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் போனால்கூடப் போகிறது, நான் அங்கே இருந்ததே இல்லை என்பது போல அல்லவா பேசுகிறார்கள் என்று இருந்தது.

கடைசியில் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கற்பூரம் ஏற்றச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கருப்பராயன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்து ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவரைப் பார்த்து, நீங்கள் மெடல் வாங்கிய ஆள், உங்கள் வாயில் பொய் வராது, பழைய எல்லை எதுவென்று அணைத்துச் சொல்லிவிடுங்கள், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். கொழுந்தனாரும் தலையாட்டினார்.

ஒரு நிமிஷம்கூட ஆகாது. கையை வைத்து அணைத்து, வெள்வேலத்துக்கு அந்தப் பக்கம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. அது பொய்யும் இல்லை. சொல்லித் தொலையுங்களேன் என்று என் மனசு கிடந்து துடித்தது. அவர் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அணைக்க மாட்டேனுங்க" என்றார். "காவல்ல நின்னவங்கதான் ரிப்போர்ட் குடுக்கோணும். இத்தன வருசமா அந்த எல்லைல நின்னது நானில்லீங்க. இவங்க."

திரும்பி என்னைக் காட்டினார். ஊர் முன்னால் அவர் என்னை 'இவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது வரைக்கும் அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், இன்னும் தேவைப்படும் என்று.

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படியானால் அந்தப் பெண்ணே வந்து அணைக்கட்டும் என்றார்கள். நான் முன்னால் வந்தேன். ஆனால் கற்பூரத்தின் பக்கம் போகவில்லை. நான் சத்தியம் செய்தால், புருஷன் நழுவிக்கொண்டு பெண்டாட்டியைத் தள்ளிவிட்டான் என்று நாளைக்கே பேசுவார்கள். எனக்கு அது வேண்டாம்.

"சத்தியமெல்லாம் எதுக்குங்க?" என்றேன். "ஜேசிபி மேலாக்கதான் புடுங்கியிருக்கும். வேரு அடியில கெடக்குது. மழை பேஞ்சா கிளுவ தானா வரும். எங்க வருதோ அதுதான் எல்லை. அது வரைக்கும் அந்த எடத்துல ஆடும் வரக்கூடாது, ஆளும் வரக்கூடாது."

"வரலீன்னா?" என்றார் கொழுந்தனார்.

"வரலீன்னா கம்பி வேலிதானுங்க எல்லை. வெள்வேல மரத்த நீங்களே வெச்சுக்குங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொழுந்தனார் உடனே ஒத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரர்தான் பயந்துபோயிருந்தார். ஜேசிபி எவ்வளவு ஆழம் தோண்டியது என்று அவருக்குத் தெரியும். கிளுவை வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பேசாமல் வாருங்கள் என்றேன்.

மழைக்கு இரண்டு மாசம் இருந்தது. அந்தத் துண்டு நிலத்தில் ஆடு வாய் வைத்துவிட்டால் துளிர் வந்தாலும் தெரியாது. அதனால் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் தினமும் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் அவரும் வந்தார். மூன்றாம் நாள் கற்களைப் பொறுக்க ஆரம்பித்தார். சாந்து இல்லாமல், கல்லுக்குக் கல் முட்டுக்கொடுத்து, வெயிலும் காற்றும் படாமல் இரண்டு பேர் உட்காருகிற உயரத்துக்கு அரைவட்டமாக ஒரு சுவர் எழுப்பிவிட்டார். மேலே தென்னந்தடுக்கு. காங்கேயம் பக்கத்தில் ஒரு பங்கர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருந்தது, ஒரு கல் அசையவில்லை.

அதற்குள் உட்கார்ந்துதான் மலையைப் பற்றி முதன்முதலாக என்னிடம் பேசினார். பகல் முழுக்கக் கட்டிய சுவரை மறுநாள் பனிக்குள் தேடித் தோண்டி எடுப்பார்களாம். கூடக் கல் அடுக்கிய ஒருவர் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே இறந்துபோனாராம். அவருக்கும் இதே மெடல்தான், அவருடைய மனைவியிடம் போயிருக்கும் என்றார். வருகிறவர்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் அந்த மனிதரின் கைகள்தான் நினைவுக்கு வருமாம். பிறகு என் கையை எடுத்துப் பார்த்தார்.

"இந்தக் கையப் பாத்துத்தான் கிளுவைய எடுத்தேன், அம்மணி. இனியும் நீ முள்ளு நடக் கூடாதுன்னு நெனச்சேன்."

இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். மீதி வைத்திருந்த கோபமும் போயிற்று. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார்.

ஐப்பசி பிறந்து வெகுநாள் கழித்துத்தான் நல்ல மழை பெய்தது. மறுநாளே ஊர் வந்து எட்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று. புல் வந்தது, நெருஞ்சி வந்தது, பேர் தெரியாத களையெல்லாம் வந்தது. கிளுவை வரவில்லை. கொழுந்தனார் தன் பக்கம் வந்து நின்று, மழை நல்லா பேஞ்சுதுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு நாள் எனக்கும் உள்ளே ஆட்டம் கண்டது. வாயைக் கொடுத்து மரத்தை இழந்துவிட்டேனோ என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் காட்டிக்கொள்ளாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

பத்து நாள் போல இருக்கும். காலையில் கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நெருஞ்சிக்கு நடுவே விரல் நீளத்துக்குச் செம்பச்சையாக ஒரு தளிர். மும்மூன்று இலை. கிளுவையேதான். அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கத்தி அவரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போஸ்ட் நட்டபோது பார்த்தது போல நீளவாக்கில் பார்த்தார். "லைன் சரியா இருக்குது" என்றார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த வாரத்துக்குள் வெள்வேலத்துக்கு அந்தப் பக்கமாக, கொரங்காட்டின் முழு நீளத்துக்கும் தளிர் எழும்பிவிட்டது. பெரியவர்கள் வந்தார்கள். எல்லையோடு நடந்தார்கள். தென்கோடியில் மட்டும் தளிர்கள் எங்கள் பக்கமாக வளைந்து உள்ளே வந்து மறுபடி வெளியே போயிருந்தன. கொழுந்தனார் அதைக் காட்டி, எல்லை என்றால் நேராகப் போக வேண்டாமா, இது என்ன என்றார். எனக்கும் முதலில் விளங்கவில்லை. நின்று யோசித்தபோது ஞாபகம் வந்தது. நான் நட்ட காலத்தில் அங்கே ஒரு பெரிய புற்று இருந்தது. புற்றை யார் இடிப்பார்கள்? அதைச் சுற்றி எங்கள் பக்கமாகவே நட்டுக்கொண்டு போயிருந்தேன். புற்று மழையில் கரைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நானே மறந்துவிட்டதைக் கிளுவை வைத்துக்கொண்டிருந்தது.

அந்த வளைவை நேராக்கி வாங்கிக்கொள் கண்ணு, உன் இடம்தானே என்றார் பெரியவர். வேண்டாம் என்றேன். எங்கே வருகிறதோ அதுதான் எல்லை என்று சொன்னவள் நான். கொழுந்தனார் சாயங்காலமே வெள்வேலத்தடியில் அப்படியே விட்டிருந்த ஆட்டு முளைகளைப் பிடுங்கிக்கொண்டார்.

முள்கம்பியை வீட்டுக்காரர் தாமே சுருட்டினார். போஸ்ட்டுகளில் பாதி இப்போது பீர்க்கங்கொடிப் பந்தலுக்குத் தூணாக நிற்கின்றன. விட்டுப்போன இடங்களில் அவரும் நானுமாகப் போத்து நட்டோம். அவர் கையிலும் இப்போது கோடு விழுந்திருக்கிறது. ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மெடலை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் திருப்பி அவர் கையிலேயே வைத்தேன். பனியில் நின்றது நீங்கள், அது உங்களுடையது, எனக்கு இது வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, நிஜமாகவே எனக்கு அது தேவைப்படவில்லை. அவர் மறுபடியும் டிவிக்கு மேலே கொண்டு போய் வைத்தார்.

போன தை மாசம் கொழுந்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தத் தகராறுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாசல்படி மிதித்தார். அவருடைய இரண்டு பையன்களுக்கும் காட்டைப் பாகம் பிரிக்கிறாராம். எங்கள் வேலியிலிருந்து அளந்துகொண்டு போக வேண்டும். வீட்டுக்காரர் முன்னறையில், மெடலுக்கு நேர்கீழே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வா தம்பி என்றார். கொழுந்தனார் அவரைக் கும்பிட்டுவிட்டு, அவரைத் தாண்டிச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள்.

"ஏனுங்க நங்கை," என்றார், "எல்லை எங்க வருதுன்னு நீங்க கொஞ்சம் வந்து காட்டோணுங்க."

பதில் சொல்லப் பழக்கத்தில் எழுந்த என் வீட்டுக்காரர், மறுபடி உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.